திருத்தணியில் பிறந்தவர் இட்ட கையெழுத்து

திருத்தணி முருகன் கோயில் மலைக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். அந்த மலையடிவாரத்து ஊரில் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை ஆண்டுதோறும் ஆசிரியர் தினத்தன்று நினைத்துக்கொள்கிறோம். அவர் குடியரசுத் தலைவராக இருந்தபோது இட்ட ஒரு கையெழுத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. 1962 அக்டோபர் 26 அன்று, சுதந்திர இந்தியாவின் முதல் தேசிய நெருக்கடி நிலை அவர் பெயரில்தான் பிரகடனமானது. சீனாவுடனான போர் அக்டோபர் 20 தொடங்கி நவம்பர் 21-இல் ஓய்ந்தது. நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி 10 வரை நீடித்தது. போர் ஒரு மாதம். அதற்காக எடுத்த அதிகாரம் ஏறத்தாழ 1,900 நாள். அதை விலக்கிக்கொள்வதற்குள் ராதாகிருஷ்ணனே பதவிக்காலம் முடிந்து போய்விட்டார். ஜாகிர் உசேன் வந்துவிட்டார்.

அந்தப் பிரகடனமே தவறு என்று நான் சொல்லவரவில்லை. லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் ஒரே நேரத்தில் படை புகுந்திருந்த வேளையில் அரசு வேறு எதைச் செய்திருக்க முடியும்? அதே நாளில் இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. நவம்பர் 3-இல் குடியரசுத் தலைவர் இன்னொரு உத்தரவும் பிறப்பித்தார்: பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பிடிக்கப்பட்டவர்கள் தங்கள் உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது. நாடாளுமன்றமும் பிரகடனத்தை ஏற்றது. கோளாறு அதற்குப் பிறகுதான். அன்றைய அரசியல் சட்டப்படி இரண்டு மாதத்துக்குள் ஒருமுறை நாடாளுமன்றம் தலையசைத்துவிட்டால் போதும். இன்னொரு பிரகடனம் போட்டு ரத்து செய்யும்வரை நெருக்கடி நிலை தொடரும். மறுபடி யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. உள்ளே போக வாசல் வைத்தவர்கள், வெளியே வருவதற்கு நாள் குறிக்கவில்லை.

நாள் குறிக்காத அதிகாரம் எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திருச்சி எம்.பி. ஆனந்த நம்பியாரும் புதுக்கோட்டை எம்.பி. உமாநாத்தும் 1964 டிசம்பர் இறுதியில், போர் ஓய்ந்து இரண்டு ஆண்டு கழித்து, இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார்கள். மக்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் அவைக்குப் போவதைத் தடுக்க முடியுமா என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டார்கள். 1965 அக்டோபரில் மனு தள்ளுபடியானது. அதே ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது மு. கருணாநிதி கைதாகிப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைபட்டதும் இந்தப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்தான். இமயமலையில் படை புகுந்ததற்காகப் பிறந்த சட்டம், மொழிக்காகத் தெருவில் இறங்கியவர்கள்மேல் பாய்ந்தது.

1965-இல் பாகிஸ்தானோடும் போர் வந்ததே, நெருக்கடி நிலை இருந்தது நல்லதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் புதிய போருக்குப் புதிதாக ஒரு பிரகடனம் போட்டு, காரணத்தை நாடாளுமன்றத்தில் சொல்லி ஒப்புதல் வாங்குவதில் என்ன கஷ்டம்? தாஷ்கண்ட் உடன்பாடு 1966 ஜனவரியில் கையெழுத்தானது. அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டு நெருக்கடி நிலை தொடர்ந்ததற்கு அந்தப் போரும் காரணமாகாது. குடியரசுத் தலைவர் வெறும் கையெழுத்துக்காரர், முடிவு அமைச்சரவையுடையது, அவரை ஏன் இழுக்க வேண்டும் என்றும் கேட்பார்கள். உண்மை. என் வாதத்துக்கு அதுவே பலம். ராதாகிருஷ்ணனைப் போல் படித்தவர், நேர்மையானவர் அந்த நாற்காலியில் கிடைப்பது அரிது. அவர் இருந்தும் இது நடந்தது என்றால், ஆளின் குணத்தை நம்பி இந்த அதிகாரத்தை விட்டுவைக்கக் கூடாது; சட்டத்தின் எழுத்திலேயே முடிவுத் தேதி இருக்க வேண்டும்.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1975 காட்டியது. 1962-ஆம் ஆண்டு உத்தரவில் ஒரு சந்து இருந்தது. பாதுகாப்புச் சட்டத்தின்படி பிடிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே அது நீதிமன்றக் கதவை அடைத்தது. ஆகவே ஒருவரைப் பிடித்தது அந்தச் சட்டப்படி சரியா என்று நீதிபதிகளால் பார்க்க முடிந்தது. ராம் மனோகர் லோகியாவை உச்ச நீதிமன்றம் விடுவித்தது அந்தச் சந்தின் வழியாகத்தான். 1975 ஜூன் 25 இரவு பிரதமர் இந்திரா காந்தியின் ஆலோசனையில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் தெரியும். இரண்டு நாள் கழித்து வந்த உத்தரவில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். 1976 ஏப்ரலில், ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்த்து எழுதியவர் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர். முதல் நெருக்கடியில் நீதிமன்றம் கண்டுபிடித்த ஓட்டையை, 1975-இல் அரசு கவனமாக அடைத்தது. அதிகாரமும் அனுபவத்திலிருந்து பாடம் படிக்கிறது; மிசா தடுப்புக்காவல் சட்டத்தில் சிறைபட்டவர்கள் அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தார்கள்.

மொரார்ஜி ஆட்சியில் 1978-இல் வந்த 44-ஆவது திருத்தம்தான் வெளிவாசலைக் கட்டியது. அமைச்சரவை எழுத்து மூலம் கேட்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு ஏற்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே ஆதரவு மறுபடி வேண்டும். உயிருரிமையை எந்த நெருக்கடியிலும் முடக்க முடியாது. மக்களவையில் பத்தில் ஒரு பங்கு, இன்றைய கணக்கில் 55 உறுப்பினர்கள், எழுதிக் கொடுத்தால் பதினான்கு நாளுக்குள் அவை கூடி விவாதிக்க வேண்டும்.

கெடு வைத்தால் அதுவும் சடங்காகிவிடும் என்பதுதான் எனக்குத் தெரிந்த மிகக் கனமான மறுப்பு. இலங்கையில் நெருக்கடி நிலையை மாதந்தோறும் நாடாளுமன்றம் ஏற்றாக வேண்டும். ஆனாலும் 1983-இலிருந்து 2011 வரை, இடைவெளிகளோடு, மாதாமாதம் கைகள் உயர்ந்தன. அங்குள்ள தமிழர்கள் அதன்கீழ் பட்டதை நாம் அறிவோம். அமெரிக்காவில், ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகும் என்று 1976-இல் சட்டம் போட்டார்கள். ஈரான் விவகாரத்தில் 1979 நவம்பரில் கார்ட்டர் அறிவித்த நெருக்கடி நிலையை ஒவ்வொரு அதிபரும் புதுப்பித்தபடியே வந்திருக்கிறார்கள். ஆகவே தேதி மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இலங்கையில் சாதாரணப் பெரும்பான்மை போதும். அமெரிக்காவில் அதிபரே நீட்டித்துக்கொள்ளலாம். ஆளுங்கட்சி தனியாகத் தாண்ட முடியாத உயரத்தில் வாக்கு வரம்பும், நீதிமன்றத்துக்குத் திறந்த கதவும் சேர்ந்தால்தான் தேதிக்குப் பல் முளைக்கும். 1977-க்குப் பிறகு இந்தியாவில் தேசிய நெருக்கடி நிலை வரவே இல்லை. 1999-இல் கார்கில் போரை அது இல்லாமலேயே நடத்தி முடித்தோம்.

நாடாளுமன்றத்தைக் கேட்டால் தாமதமாகும் என்பவர்களுக்குத் திருத்தணியே பதில் வைத்திருக்கிறது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போன ஊர், ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் பரிந்துரைப்படி, 1959-இல் நாடாளுமன்றம் இயற்றிய எல்லை மாற்றச் சட்டத்தால் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆறரை ஆண்டு தாமதம்தான். ஆனால் எல்லோரும் பேசித் தீர்த்த அந்தக் கோடு இன்றும் நிற்கிறது.

இப்போது பூட்டு வேண்டியது வேறொரு கதவுக்கு. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது நெருக்கடி நிலைப் பிரகடனத்தால் அல்ல. 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் போட்ட உத்தரவுகளால். அந்தச் சட்டத்தின்கீழான கொரோனா உத்தரவுகள் 2022 மார்ச் 31 வரை நீடித்தன. நோய் நிஜம், அவசரமும் நிஜம். 1962-இல் படையெடுப்பு நிஜமாக இருந்ததைப் போலவே. ஆனால் அந்த உத்தரவுகளை ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் ஏற்க வேண்டும் என்றோ, ஆறு மாதத்தில் மறுபடி வாக்கெடுக்க வேண்டும் என்றோ அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. 1978-இல் நெருக்கடி நிலைக்கு எழுதிய வரிகளை அங்கேயும் எழுத வேண்டும். அடுத்த பேரிடர் வருவதற்கு முன்பே.