லேத் எண்ணெயில் மிதக்கிறது, தெரியுமா?

புஷ் பேரிங் போட்ட பழைய லேத் முழு வேகத்தில் ஓடும்போது அதன் ஸ்பிண்டில் பேரிங்கைத் தொடுவதே இல்லை, தெரியுமா? தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம் இரண்டுக்கும் நடுவே படுத்திருக்கிறது. சக், சக்கில் கவ்விய இரும்பு, உளி கொடுக்கும் அழுத்தம் அத்தனையையும் தூக்கிப் பிடிப்பது அந்தப் படலம்தான்!

இது தெரியவந்த கதை அதைவிட வேடிக்கை. 1880-களில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடலாமே என்று பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போகவில்லை, வெளியே பொங்கி வந்தது! கார்க்கால் அடைத்தார், அது தெறித்தது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானி வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சுழலும் அச்சு எண்ணெயை ஆப்பு மாதிரி தனக்கும் பேரிங்குக்கும் நடுவே இழுத்துச் செருகி, இரண்டையும் ஒட்டவிடாமல் பிரித்துவிடுகிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணிதமே எழுதிவிட்டார். இன்றைக்கும் பேரிங் வடிவமைப்பவர்களுக்கு அதுதான் அடிப்படை.

அப்படியானால் தேய்மானம் எப்போது? ஓடும்போது அல்ல, கிளப்பும்போது! நின்ற லேத்தில் படலம் நசுங்கிக் கிடக்கும். அதனால்தான் பழைய ஆட்கள் சுவிட்சைத் தொடுமுன் எண்ணெய்க் குப்பியைத் தொடுவார்கள்.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில், ஓ'பிரையன் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1906-இல் ஒரு லேத் கம்பெனி தொடங்கினார்கள். ஊர்ப் பெயரையே கம்பெனிக்கு வைத்தார்கள். அவர்களுடைய 9 அங்குல லேத்தை வீட்டு ஷெட்டில் வைத்துக் கொஞ்சுபவர்கள் இன்றும் உண்டு. அந்த லேத்துகள் பலவற்றில் கண்ணாடிபோல் மெருகேற்றிய ஸ்பிண்டில் வார்ப்பிரும்பிலேயே நேரடியாகச் சுற்றுகிறது. பம்பு கிடையாது. அடியில் சின்ன எண்ணெய்க் குழி, அதில் நனைந்த ஒரு ஃபெல்ட் திரி, அவ்வளவுதான்! அகல் விளக்கில் திரி எண்ணெயை ஏற்றுகிறதே, அதே வித்தை. திரி எண்ணெயை ஏற்றுவதோடு அழுக்கையும் வடிகட்டிவிடுகிறது. ஐம்பது, அறுபது வருடம் கழிந்தால் திரி கருவாடுபோல் விறைத்துப்போகும், மேலே சொட்டுகூட ஏறாது. எண்ணெய் விடும் கப் நிறைந்து நிற்பதைப் பார்த்து நாம் ஏமாந்துபோவோம். ஸ்பிண்டிலைக் கழற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: திரிக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கிறது. ஒரு கம்பியைச் செருகித் திரியைக் கீழே பிடித்துக்கொள்ளாவிட்டால், ஸ்பிண்டில் திரும்ப உள்ளே நுழையும்போது அதை நறுக்கிவிடும்.

கிரீஸ் அடித்தே லேத்தைப் பாழாக்கலாம், தெரியுமா? இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் பிறந்தது மைஃபோர்ட் லேத். 1946-இல் வந்த எம்.எல். 7 அந்த நாட்டுப் பொழுதுபோக்குக் கடைசல்காரர்களின் செல்லப்பிள்ளை. அதில் அங்கங்கே இருக்கும் நிப்பிள்கள் பார்க்க அப்படியே கிரீஸ் நிப்பிள். ஆனால் அவை எண்ணெய்க்கு! யாராவது புண்ணியவான் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தினால், எண்ணெய் போகும் நுண்வழிகள் அடைபட்டுப்போகும். தப்பி வெளியே வந்த கிரீஸில் இரும்புத் தூள் ஒட்டி, அரைக்கும் பசையாகிவிடும். பழைய லேத்துகளை அலட்சியம் கொன்றதைவிட அக்கறை கொன்றது அதிகமோ என்று எனக்குச் சந்தேகம்.

இஞ்சின் ஆயில் மட்டும் லேத்துக்கு ஆகுமா? கரியைக் கீழே படியவிடாமல் மிதக்கவைத்து ஃபில்டருக்குக் கொண்டுபோகும் மருந்து அதில் கலந்திருக்கிறது. லேத்தில் ஃபில்டர் எங்கே? அழுக்கு அடியில் படிவதுதான் அங்கே நல்லது. அதற்காக வேறு எண்ணெய் கிடைக்காத நாளில் காயப்போட்டு ஓட்டாதீர்கள், எதுவும் விடாததற்கு அது எவ்வளவோ மேல்!

எண்ணெய் டப்பாவில் இருக்கும் 'விஜி 32' என்றால் என்ன தெரியுமா? 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் பிசுக்கு சுமார் 32 சென்டிஸ்டோக். நம் ஊர் மே மாதத் தகர ஷெட்டில் அந்த எண் அப்படியே பலிக்கும். பீஸ்டனின் ஜனவரிக் குளிரில் அதே எண்ணெய் பல மடங்கு கெட்டியாகிவிடும்.

உளியைச் சுமக்கும் கேரியேஜ் சறுக்குகிற பெட்டுக்கோ வேறு எண்ணெய், விஜி 68 ஸ்லைடுவே ஆயில். வயலின் வில் கம்பியில் ஒட்டி ஒட்டி விலகுவதால்தானே இசை வருகிறது? கேரியேஜ் பெட்டில் அதே மாதிரி ஒட்டி விலகினால் வருவது இசையல்ல, கடைந்த பரப்பில் வரிவரியாகத் தழும்பு! அதைத் தடுக்கத்தான் இந்தப் பிசுபிசுப்பு எண்ணெய். டபிள்யூ.டி. 40 இந்த வேலைக்கு ஆகாது. ஈரத்தை விரட்டுவதற்காக 1953-இல் பிறந்த சரக்கு அது. நாற்பதாவது முயற்சியில் அமைந்த கலவை என்பதால்தான் அந்த 40. துரு தட்டாமலிருக்கத் தெளிக்கலாம், பாரம் தாங்கச் சொல்லக்கூடாது.

கம்ப்ரஸர் காற்றை ஊதிச் சுத்தம் செய்கிறீர்களா? ஐயோ! கேரியேஜ் ஓரத்து ஃபெல்ட் துடைப்பானுக்கு அடியில் துகளைத் திணிக்க அதைவிடச் சுருக்கு வழி இல்லை. பிரஷ் போதும். அந்த ஃபெல்ட்டையும் அவ்வப்போது கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, எண்ணெயில் ஊறவைத்து மாட்டுங்கள். எமரித் தாள் பிடிக்கும்போது பெட்டை மூடிவிடுங்கள். பனியன் வேஸ்ட்டால் துடைப்பதெல்லாம் லேத் நின்ற பிறகுதான், ஓடும் சக் துணியோடு விரலையும் இழுத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. பேக் கியர் உள்ள பழைய லேத்தின் படிப் புல்லியில் ஒரு குட்டித் திருகு இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? எதையோ இறுக்கிப் பிடிக்கும் திருகு என்று பலரும் வருடக்கணக்கில் தொடாமல் விட்டிருப்பார்கள். பல லேத்துகளில் அது எண்ணெய்த் துளையின் மூடி! பேக் கியர் போட்டதும் ஸ்பிண்டில் மெதுவாகச் சுற்ற, புல்லி அதன்மேலேயே தனியாக வேகமாகச் சுழலும். அந்த இடத்துக்கு எண்ணெய் போக வேறு வழி கிடையாது. உங்கள் லேத்தின் கையேட்டில் சரிபார்த்துவிட்டு, அடுத்த தடவை பேக் கியர் போடுமுன் அதைக் கழற்றிச் சில துளி விட்டுவிடுங்கள்.