மலர்க்காட்சிக்கு நாமும் போவோம்

மே மாதம் வந்துவிட்டால் சேலத்து அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்கள் வரிசை கட்டும். ஏற்காட்டில் கோடை விழா, அண்ணா பூங்காவில் மலர்க்காட்சி, ஏரியில் படகுச் சவாரி. கரடியூர்க் காட்சிமுனையில் செல்பி எடுக்கிறவர்கள் கூட்டம். அதே சாலையில் விறகுக் கட்டோடு தோட்டத்திலிருந்து திரும்பும் நம் பெண்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிடுவார்கள். விழா இன்னாருக்கு என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அது நமக்கில்லை என்று நம்மவர்களே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

போன கோடையில் லைன் வீட்டுப் பிள்ளைகள் சிலரை மலர்க்காட்சிக்கு அழைத்துப் போனோம். ஒரு மாணவியின் தாயையும் கூப்பிட்டோம். "நான் எதுக்கு தம்பி? அங்க தொட்டி சுமந்தவதானே நான்" என்றார். கூலிக்குப் பூத்தொட்டி தூக்கியவர், சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

இந்த மலையின் கதையே அப்படித்தான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அவரை 'ஏற்காட்டின் தந்தை' என்கிறார்கள். மலையாளிப் பழங்குடி மக்களின் மலையில் தோட்டங்கள் எழும்பின. குழி வெட்டவும் பழம் பறிக்கவும் சமவெளிச் சேரிகளிலிருந்தும் ஆட்கள் ஏறி வந்தார்கள். அவர்களை யாருடைய தந்தை என்றும் யாரும் சொல்லவில்லை. பங்குனி, சித்திரையில் முதல் மழை விழுந்ததும் காப்பிச் செடி மல்லிகை போல வெள்ளையாகப் பூத்து, சில நாளில் உதிர்ந்துவிடும். அதை நம் ஆட்களைப் போல அருகிலிருந்து பார்த்தவர் யாருமில்லை. நின்று பார்க்கத்தான் நேரம் கிடைத்ததில்லை.

ஓய்வு என்பது வசதிக்காரர் விவகாரம் என்று நினைக்கிற தோழர்கள் நம்மிலும் உண்டு. அண்ணல் அம்பேத்கர் அப்படி நினைக்கவில்லை. காங்கிரசும் காந்தியும் தீண்டாதாருக்குச் செய்ததைப் பற்றி 1945-ல் எழுதிய நூலில், ஓய்வு இல்லாமல் பண்பாடு இல்லை, மனிதன் விலங்கிலிருந்து வேறுபடுவது அங்கேதான் என்று வாதிடுகிறார். அவரே சுற்றுலா போனவர். 1934-ல் சுமார் முப்பது பேரோடு எல்லோரா பௌத்தக் குகைகளைப் பார்க்கக் கிளம்பி, வழியில் தௌலதாபாத் கோட்டைக்குப் போனார். வாசலருகே இருந்த குளத்தில் புழுதி போகக் கைகால் கழுவினார்கள். தீண்டாதார் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு முதியவர் கத்த, கூட்டம் கூடிவிட்டது. கடைசியில், தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய காவலாள் ஒருவன் கூடவே வர, கோட்டையைச் சுற்றிப் பார்த்தார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பாரிஸ்டருக்கே அந்தக் கதி. பூங்கா, ஏரி, கோட்டை, இவற்றில் சும்மா உலவுவதும் நமக்குப் போராடிக் கிடைத்ததுதான்.

மாணவர்களே, இந்த விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்குங்கள். மலர்க்காட்சியோடு திரும்பிவிடாதீர்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டத்தில் ஆர்க்கிட் வகைகளும் பூச்சி தின்னும் குடுவைத் தாவரமும் இருக்கின்றன. தாவரவியல் படிக்கிறவர்களுக்குப் புத்தகப் படத்தைவிட இது மேல். சேர்வராயன் மலை உச்சிக் குகைக் கோயிலில் மலையாளி மக்களின் திருவிழாவும் மே மாதத்தில்தான். அங்கே போகிறவர்கள் விருந்தாளியாகப் போங்கள், வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள்.

மாலையில் கீழே இறங்கினால் சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் கோயில். தியான முத்திரையோடு அமர்ந்திருக்கும் அந்தச் சிலையைத் தொல்லியல் துறை ஆராய்ந்து, புத்தருக்குரிய இலக்கணங்கள் இருப்பதாக அறிக்கை தந்தது. அது புத்தர் சிலையே என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். வைகாசிப் பௌர்ணமி புத்தர் பிறந்த நாள். அந்த நாளை ஒட்டிப் போவது இன்னும் பொருத்தம். போகும் வழியில் படிக்க 'எரியும் பனிக்காடு' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கினார். கதை நடப்பது ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் என்றாலும், லைன் வீடு என்றால் என்னவென்று தெரிந்த பிள்ளைகளுக்கு அது வெளியூர்க் கதையாக இருக்காது.

விழா நடத்தும் அதிகாரிகளிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அரசு விழாக்களில் அமைச்சர் காரைவிட்டு இறங்கும்போது வாசலில் பறை அடிக்கச் சொல்கிறீர்கள். அவர் உள்ளே போனதும் கலைஞர்கள் மரத்தடிக்குப் போய்விடுகிறார்கள். அதே கலைஞர்களுக்கு மாலை மேடையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நாற்காலியும் மைக்கும் ஊதியமும் பாட்டுக் கச்சேரிக்குத் தருவது போலவே தாருங்கள்.

இந்த முறை ஞாயிற்றுக்கிழமை போகிறோம். வேலை நாளென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். தொட்டி சுமந்த அக்காவிடம் மறுபடியும் சொல்லியிருக்கிறோம். பாதி மனசாகத் தலையாட்டியிருக்கிறார். சீட்டு அவர் பேருக்கும் சேர்த்துத்தான் எடுக்கப் போகிறோம்.