கிணறும் பனையும் படகும்: நெடுந்தீவு நமக்குச் சொல்வது



கினிகத்தேனையில் மழைக்குப் பஞ்சமில்லை. பக்கத்திலுள்ள வட்டவளை, இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. எமது துன்பம் தண்ணீர் இல்லாமையால் வருவதல்ல. தண்ணீர் மிகுந்து மண் சரிவதால் வருவது. மரக்கறித் தோட்டத்தையும் வீட்டையும் விட்டு இறங்கி, உறவினர் வீட்டிலும் பாடசாலைக் கட்டடத்திலும் தங்கியிருக்கும் குடும்பங்களைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் எழுகிறது: "சுவாமி, இனி எங்கே போய் வாழலாம்?"

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடையில்லை. ஆனால் "ஓர் இடத்தில் மனிதர் நிலைத்து வாழ எவை வேண்டும்?" என்று கேட்டால் விடை தேடலாம். அதற்காக இம்முறை நமது மலைக்கு முற்றிலும் மாறான ஓர் ஊரைப் பார்ப்போம்.

தீவும் அதன் மக்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே உள்ள தீவுகளில் ஒன்று நெடுந்தீவு. பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். ஒல்லாந்தர் இதற்கு டெல்ஃப்ற் என்று பெயரிட்டனர். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குச் சென்று, அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகில் போக வேண்டும். மலையும் இல்லை, ஆறும் இல்லை. தட்டையான சுண்ணாம்புக் கல் நிலம். வளவுகளைச் சுற்றி முருகைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிய மதில்கள். வெளியில் மாடுகளும், காட்டுக் குதிரைகளாகிவிட்ட பழைய மட்டக்குதிரைகளும் மேய்கின்றன. ஆறு கிராம அலுவலர் பிரிவுகளைக் கொண்ட இத்தீவில், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி 4,000 பேருக்கும் குறைவானோரே வாழ்ந்தனர்.

கல்லுக்குள் மிதக்கும் நன்னீர்

நாற்புறமும் கடல் இருக்க, கிணற்றில் நன்னீர் எப்படி வருகிறது? மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே உள்ளே இறங்குகிறது. கடல்நீரைவிட நன்னீர் பாரம் குறைந்தது. ஆகவே பாலின் மேல் ஆடை நிற்பதுபோல, நிலத்தடி உப்புநீரின் மேல் அது மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு.

இக்கணக்கில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. அளவுக்கு மீறி இறைத்து மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலேறக்கூடும். வாளியால் அள்ளியவரை ஊறி நின்ற கிணறு, பலம் கூடிய இயந்திரத்தால் இறைக்கும்போது உவராகிவிடும். ஒருவர் ஆசைப்பட்டு இறைத்தால் பக்கத்து வளவுக் கிணறும் கெடும். எனவே தண்ணீர் தனியாள் சொத்தல்ல, ஊர்ச் சொத்து என்பது இங்கே வெறும் அறநெறிப் பேச்சல்ல; நிலத்தின் விதி.

பனை தரும் பிழைப்பு

பனை முதற்காய் காய்க்க 15 முதல் 20 ஆண்டுகள் வரை செல்லும். பின்னர் மூன்று தலைமுறைக்கு நிற்கும். கருப்பநீர், பனங்கட்டி, பனாட்டு, கிழங்கு, ஒடியல், ஓலை, நார், மரம் என்று அதில் வீணாவது எதுவுமில்லை. நெல் பொய்த்த ஆண்டிலும் ஒடியற்கூழ் வீட்டைக் காத்தது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டதும் இம்மரத்தின் பெறுமதியை உணர்ந்துதான்.

இதே வாழ்க்கையை இந்தோனேசியாவின் தென்கிழக்கில் உள்ள ரோத்தே, சாவு ஆகிய சிறு தீவுகளிலும் காணலாம். அங்கும் மழை சில மாதங்களே. அங்கும் பனைதான் தாய்மரம். 'லொந்தார்' என்று அழைக்கிறார்கள். வறட்சி மாதங்களில் ஆண்கள் மரமேறிக் கருப்பநீர் இறக்குவர். பெண்கள் அதைக் காய்ச்சிப் பாகாக்கிச் சேமிப்பர். மிஞ்சியதைக் கொண்டு பன்றி வளர்ப்பர். ஓலையால் தொப்பியும் வாளியும், 'சசாண்டோ' என்னும் இசைக்கருவியும் செய்வர். ஜேம்ஸ் ஃபொக்ஸ் என்ற மானிடவியலாளர் இத்தீவுகளைப் பற்றி 1977இல் ஒரு நூல் வெளியிட்டார். தினைப் பயிரையும் சோளத்தையும் மட்டும் நம்பிய அயல் தீவினர் பஞ்சத்தில் தவித்தபோது, பனையை நம்பியவர்கள் தாக்குப்பிடித்தார்கள் என்பதே அவர் கண்ட முடிவு. பயிர் தவறினாலும் மரம் நின்றது.

படகு இல்லையேல் பாதை இல்லை

நெடுந்தீவில் பாடசாலைகளும் வைத்தியசாலையும் பிரதேச செயலகமும் உள்ளன. ஆனால் கடும் நோயாளியைக் கடல் கடந்துதான் கொண்டுபோக வேண்டும். கடல் கொந்தளித்தால் ஆசிரியரும் வரமாட்டார், அரிசியும் வராது. படகே இம்மக்களின் வீதி. 1985 மே 15ஆம் திகதி, தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் குழந்தைகள் உட்படப் பலர் கொலை செய்யப்பட்டதை அவர்கள் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூருகின்றனர். பயணம் பாதுகாப்பாக இல்லாவிட்டால் ஓர் ஊர் எவ்வளவு தனித்துப் போகும் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

போரின்போது பலர் வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட்டனர். பல வளவுகளில் மதில் மட்டும் நிற்கிறது. மீனவருக்கோ அடிமடி இழுவைப் படகுகளால் வலையும் போகிறது, மீனும் போகிறது. இம்முறைக்கு எதிராக 2017இல் இலங்கையில் தடைச்சட்டம் நிறைவேறியும் கடல் எல்லையில் பிரச்சினை ஓயவில்லை. மறுபுறம் நம்பிக்கையும் உண்டு. நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் வழங்க, இந்திய உதவியுடனான திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மின்சாரம் நிலையாகக் கிடைத்தால் மீனுக்கு ஐஸும், ஓலை வேலைக்கும் பனம்பொருளுக்கும் சிறு இயந்திரமும் சாத்தியமாகும்.

நாம் கேட்க வேண்டியவை

மலையகத்தில் இடம்பெயர்வு புதிதல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் எமது குடும்பங்கள் பல வன்னிக்குச் சென்று காட்டு நிலத்தைத் திருத்தின. உறுதிப் பத்திரம் இல்லாத நிலத்தில் கிணறு வெட்டி, மரம் நட்டு, மீண்டும் இடம்பெயர்ந்தவர்கள் அவர்களுள் உண்டு. அந்த அனுபவத்தையும் நெடுந்தீவின் பாடத்தையும் சேர்த்துப் பார்த்தால், புதிய காணி என்று யார் காட்டினாலும் கையெழுத்திடுமுன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவாகின்றன.

ஒன்று: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கோடையிலும் நிற்குமா, யாருக்கெல்லாம் பொதுவானது?

இரண்டு: நிலம் நிற்குமா? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு மதிப்பீடு கிடைத்துள்ளதா? அதைக் கண்ணால் பார்த்தோமா, அல்லது சொல்லக் கேட்டோமா?

மூன்று: எமது பெயரில் உறுதி கிடைக்குமா? மனைவியின் பெயரும் அதில் சேருமா?

நான்கு: அளவு என்ன? மலையக வீட்டுத்திட்டங்களில் 7 பேர்ச், 10 பேர்ச் என்றே அளந்து வந்துள்ளார்கள். அதில் வீடு நிற்கும், விவசாயம் நிற்காது. பயிர் செய்து வாழ்ந்தவருக்குப் பயிர் நிலமும் வேண்டும் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

ஐந்து: பாதை எப்படி? நள்ளிரவில் பிரசவ வேதனை வந்தால் எத்தனை மணி நேரத்தில் வைத்தியசாலையை அடையலாம்?

ஆறு: பயிர் தவறும் ஆண்டில் எமது 'பனை' எது? எமது மலையில் அது பலாவாக இருக்கலாம், கித்துளாக இருக்கலாம், மிளகாகவோ பசு மாடாகவோ இருக்கலாம். ஏதாவது ஒன்று முதல் ஆண்டிலேயே நடப்பட வேண்டும்.

இவற்றைத் தனித்தனியே கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் கிடைக்கும். பத்துக் குடும்பங்கள் கூடி, ஒரே கடிதமாக எழுதி, பிரதேச செயலகத்தில் கொடுத்து, கிடைத்ததற்கான ஒப்பத்தைப் பிரதியில் பெற்றுக்கொள்ளுங்கள்.

நெடுந்தீவு வளமான ஊரல்ல. ஆயினும் அங்கே தங்கியவர்கள் தங்கியது கிணறு இருந்ததால், பனை நின்றதால், படகு ஓடியதால். அவற்றுள் ஒன்று முறிந்தபோதெல்லாம் மக்கள் வெளியேறினர். நமக்குக் காட்டப்படும் நிலத்தில் இம்மூன்றுக்கும் ஈடாக எவை உள்ளன? அடுத்த குழுக் கூட்டத்தில் இதையே முதலில் பேசுவோம்.