கீழாநெல்லியும் ஈரல் பாதுகாப்பும்

மழை பெய்து நிலம் நனைந்ததும் வரப்போரங்களிலும் தோட்டக்கால்களிலும் தானே முளைத்து, களையெடுப்போர் கையில் அகப்பட்டு எறியப்படும் சிறு செடிகளுள் கீழாநெல்லியும் ஒன்று. இலைகளின் கீழ்ப்புறத்தில் காய்கள் வரிசையாகத் தொங்குவதால் இப்பெயர் பெற்றது. காமாலை கண்டோர்க்கு இதனை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். இவ்வழக்கத்தில் உண்மை எவ்வளவு, எச்சரிக்கை எவ்வளவு வேண்டும் என்பதைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் நலம்.

செடியிலுள்ள சத்து.— இச்செடியில் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்னும் இரு பொருள்கள் உள. 1985-இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், எலியின் ஈரலினின்று பிரித்தெடுத்த உயிரணுக்களைக் கார்பன் டெட்ராகுளோரைடு முதலிய நஞ்சுகளுக்கு உட்படுத்தியபோது, இவ்விரு பொருள்களும் அவற்றின் சிதைவைக் குறைத்தமை காணப்பட்டது. பில்லாந்தின் தண்டைக் காட்டிலும் இலையிலேயே மிகுதியாக உள்ளது.

நோயாளரிடம் கண்ட பலன்.— 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள், நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பர்க்குடன் சேர்ந்து, ஈரல் அழற்சி 'பி' கிருமியை உடலில் தாங்கியிருந்தோர்க்கு இச்செடியின் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தனர். பொடி உண்ட 37 பேருள் 22 பேரின் இரத்தத்தில் அக்கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி உண்ட 23 பேருள் ஒருவர்க்கே மறைந்தது. ஆயினும் பின்னர்ப் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் இத்தகைய பலன் கிட்டவில்லை. ஆகையால் இதனைத் தீர்ந்த மருந்தெனக் கொள்வதற்கில்லை.

எச்சரிக்கை.— அசுத்த நீரால் பரவும் காமாலை பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணியும். அப்போது உண்ட மருந்துக்கே புகழ் சேருகிறது. ஆனால் காமாலைக்குக் காரணங்கள் பல. சேற்று வயலில் வேலை செய்வோரைப் பற்றும் எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளிக்கும். அதற்குக் காலந்தாழ்த்தாது தக்க மருந்து கொடாவிடில் உயிருக்கே ஆபத்து. எனவே கண்ணோ சிறுநீரோ மஞ்சளித்தால், மூலிகையை நம்பி நாட்களைக் கழியாமல், முதலில் மருத்துவமனைக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

செடியை அறிதல்.— தென்னிந்தியாவில் 25 மூலிகைக் கடைகளின் சரக்கை ஆராய்ந்து 2010-இல் வெளியான முடிவின்படி, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கடைகளில் இதனையொத்த வேறு செடிகள் இருந்தன. சிவந்த தண்டும், காம்பின்றி ஒட்டிய சொரசொரப்பான காய்களும் உடையது வேறு இனம். நற்கீழாநெல்லியின் காய் வழுவழுப்பாய்ச் சிறு காம்புடன் இருக்கும். இனங்கலந்த சரக்கு வாங்குவோர்க்கும் நட்டம், விற்பவர்க்கும் பெயர்க்கேடு.

பயிரிடும் முறை.— விதை மிக நுண்ணியதாகையால் மணலுடன் கலந்து நாற்றங்காலில் தூவி, நாற்றுகளை 15 செ.மீ.-க்கு 10 செ.மீ. இடைவெளியில் நடவேண்டும். நீர் தேங்கலாகாது. நட்ட 80 முதல் 100 நாட்களில், இலை பசுமையாயிருக்கும்போதே அறுவடை செய்க. இலை உதிர்ந்தபின் அறுத்தால் சத்தின் பெரும்பகுதி நிலத்திலேயே போய்விடும். அறுத்ததை நிழலில் பரப்பி அடிக்கடி புரட்டி உலர்த்துக. ஏக்கருக்குக் கிடைக்கும் சுமார் 7 டன் பச்சைச் செடி, உலர்ந்தபின் 700 கிலோவாகச் சுருங்கும். ஆதலின் வாங்குவோரை முன்னரே நிச்சயித்துக்கொண்டு விதைப்பதே புத்தி.

கிராம அலுவலர்கள் இவ்விரண்டையும் ஊராருக்கு எடுத்துரைத்தல் தகும்: கீழாநெல்லி பயிரிடத்தக்க செடியே, ஆனால் காமாலை கண்டவர் முதலில் நாடவேண்டியது மருத்துவரை.