பதினேழு வயதின் பாட்டு



சென்ற தவணையின் இறுதி வாரத்தில், பதினோராந் தர மாணவி ஒருத்தியின் விஞ்ஞானக் கொப்பி என் மேசைக்கு வந்து சேர்ந்தது. பாடம் நடந்துகொண்டிருக்கையில் அவள் வேறெதையோ எழுதிக்கொண்டிருந்தாள் என்பது ஆசிரியையின் முறைப்பாடு. கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். மின்சுற்றுக்களும் அமிலங்களும் முடிந்த இடத்துக்கு அப்பால், கடைசிப் பக்கங்களில், அழகிய கையெழுத்தில் ஓர் ஆங்கிலப் பாட்டு முழுவதும் எழுதப்பட்டிருந்தது. அப்பாட்டை நான் அறிவேன். அவள் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக முன்னர், அமெரிக்காவிலே தோன்றிய பாட்டு அது. எந்தப் பாட்டு என்பதைப் பின்னர் சொல்கிறேன். அத்துணைத் தொலைவிலே பிறந்த ஒரு பாட்டு, இத்துணைக் காலங் கழித்து, நமது நாட்டுச் சிறுமியின் கொப்பியில் ஏன் வந்து அமர்ந்துகொண்டது என்ற வினாவே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

பாடசாலை வாழ்வைப் பற்றிப் பாட்டு எழவேண்டுமாயின், முதலில் பிள்ளைகள் பாடசாலையில் இருத்தல் வேண்டும். இது வேடிக்கைப் பேச்சன்று. 1910ஆம் ஆண்டளவில், ஐக்கிய அமெரிக்காவின் இளைஞருள் உயர்நிலைப் பாடசாலைப் படிப்பை முடித்தவர்கள் பத்துப்பேரில் ஒருவர் என்ற அளவிலேயே இருந்தனர். ஏனையோரிற் பெரும்பாலார் வயலுக்கோ ஆலைக்கோ வீட்டு வேலைக்கோ சென்றுவிட்டனர். 1940ஆம் ஆண்டளவில் ஏறக்குறையப் பாதிப்பேர் அப்படிப்பை முடித்தனர். பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையிலான இலட்சக் கணக்கான பிள்ளைகள், குழந்தைகளும் அல்லர், உழைப்பாளரும் அல்லர் என்ற இரண்டுங்கெட்டான் நிலையில், ஆண்டுக் கணக்காக ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. கல்வியியலார் கட்டிளமைப் பருவம் என்று கூறுவது இதனைத்தான். யுத்தம் முடிந்தபின் அவர்களுடைய சட்டைப்பையிற் சில்லறைக் காசும் புழங்கலாயிற்று. 1949இல் நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறிய இசைத்தட்டு வந்தது. 1954இல் கைக்கடக்கமான திரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. தந்தையார் தெரிவுசெய்த பாட்டையே வரவேற்பறையிற் குடும்பத்தோடு அமர்ந்து கேட்கவேண்டிய கட்டாயம் அத்துடன் ஒழிந்தது. இசைத்தட்டு வணிகர் இதனை ஆசிரியர்களுக்கு முன்னரே உணர்ந்துகொண்டனர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1957ஆம் ஆண்டில் சக் பெரி என்னும் கறுப்பினக் கலைஞர் ‘ஸ்கூல் டே’ என்ற பாட்டை வெளியிட்டார். காலையில் எழுந்து பாடசாலை சென்று, கணக்கோடும் சரித்திரத்தோடும் மல்லாடி, உணவு மண்டபத்தில் இடம்பிடிக்க முண்டியடித்து, பிற்பகல் மூன்று மணி அடித்தவுடன் சுமையை இறக்கி வைத்தாற்போல ஓடிச்சென்று, நாணயமிட்டால் இசைத்தட்டுச் சுழலும் பெட்டியின் முன்னே நின்று ஆடுகின்ற ஒரு மாணவனின் நாளை அது வருணிக்கின்றது. ஆசிரியர்களாகிய நாம் மணியை ஒழுங்கின் சின்னமாகக் கருதுகிறோம். பாட்டிலோ அது விடுதலையின் சின்னம். எங்கள் பாடசாலையில் ஒன்றரை மணிக்கு எழும் ஆரவாரத்தைக் கேட்பவர் எவரும் சக் பெரியோடு வழக்காட மாட்டார்கள். ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அப்பாட்டைப் பாடியபோது அவருக்கு வயது முப்பது. அவருடைய சொந்த மாணவப் பருவமோ கொள்ளைக் குற்றமொன்றின் பேரில் சீர்திருத்தச் சாலையில் முடிந்தது. இருபத்தொராவது பிறந்தநாளையொட்டியே அவர் விடுவிக்கப்பட்டார். அந்தக் கதை பாட்டில் இல்லை. பாட்டிலுள்ள மாணவனுக்கு இருக்கும் ஒரே துன்பம் மூன்று மணி மெல்ல வருகின்றது என்பதுதான்.

அடுத்த ஆண்டு, பத்தொன்பது வயதே நிரம்பிய எடி கொக்ரன் என்பவர் ‘சமர்ரைம் புளூஸ்’ என்ற பாட்டைத் தந்தார். விடுமுறையில் வேலைசெய்யும் ஓர் இளைஞன், முதலாளியிடமும் பெற்றோரிடமும் முறையிட்டுப் பயனில்லாமல், ஈற்றில் தன் தொகுதியின் பிரதிநிதியிடமே முறையிடுகிறான். உனக்கு வாக்குரிமை இல்லையே என்று அவர் கைவிரித்து விடுகிறார். சிரிப்பதற்கென்றே ஆக்கப்பட்ட பாட்டெனினும் அதிலே ஓர் உண்மை உண்டு. அந்நாளில் அமெரிக்காவின் மிகப் பெரும்பாலான மாநிலங்களில் வாக்குரிமை வயது இருபத்தொன்று; அரசியலமைப்பின் இருபத்தாறாவது திருத்தத்தின் மூலம் 1971இலேயே அது நாடு முழுவதற்கும் பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. கொக்ரன் அதனைக் காணவில்லை. 1960இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த வீதி விபத்தொன்றில், இருபத்தொரு வயதில், இறந்துபோனார்.

இவற்றோடு ஒருங்கு வைத்தெண்ணத்தக்க பாடல்கள் பல. உன் பாடசாலைக்கு உண்மையாக இரு என்று பீச் போய்ஸ் குழுவினர் 1963இல் பாடியதை விளையாட்டுப் போட்டி நாளில் எந்த அதிபரும் மகிழ்ச்சியுடன் ஒலிபரப்பலாம். ஆனால் இப்பாடல்கள் பெரும்பாலும் பாடசாலையின் வெளிச்சுவரையே பாடுகின்றன. மணி, மேசை, கண்டிப்பான வாத்தியார், பந்தாட்டம் ஆகியன வருகின்றன. பிள்ளையின் உள்ளே நடப்பது வருவதில்லை.

உள்ளே நடப்பதைச் சொல்ல, உள்ளேயிருந்தே ஒருத்தி வரவேண்டியிருந்தது. 1951இல் பிறந்த ஜானிஸ் இயன், நியூ ஜேர்சி மாநிலத்தில், கறுப்பின மக்களே பெரும்பான்மையாக வாழ்ந்த அயலில் வளர்ந்த வெள்ளையினச் சிறுமி. பதின்மூன்று பதினான்கு வயதில் அவள் எழுதிய ‘சொசையிற்றீஸ் சைல்ட்’ என்ற பாட்டு, கறுப்பின இளைஞனொருவனை நேசிக்கும் வெள்ளையின மாணவி ஒருத்தியைப் பற்றியது. தாய் அவனை வாசலிலேயே தடுக்கிறாள்; ஆசிரியர்கள் ஏளனமாக நகைக்கிறார்கள்; தோழியர் ஒதுங்குகிறார்கள். ஈற்றில் அம்மாணவி எதிர்த்து நிற்கவில்லை, பணிந்து அவனைக் கைவிடுகிறாள். வீரம் பேசுவது எளிது. தன் கோழைத்தனத்தைப் பாடுவதற்குப் பதினான்கு வயதில் எத்துணை நேர்மை வேண்டும்! அப்பாட்டு 1966இல் வெளிவந்தபோது பல வானொலி நிலையங்கள் அதனை ஒலிபரப்ப மறுத்தன. 1967 ஏப்பிரிலில், புகழ்பெற்ற இசையமைப்பாளர் லெனார்ட் பேர்ண்ஸ்டைன் தமது தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் அவளை அழைத்துப் பாடச்செய்தபின்னரே நாடு செவிசாய்த்தது. கலப்பினத் திருமணத்தை அந்நாளிலும் தடைசெய்திருந்த பதினாறு மாநிலங்களின் சட்டங்களை அமெரிக்க உயர் நீதிமன்றம் செல்லாதனவாக்கியதும் அதே ஆண்டு ஜூன் மாதத்திலேதான்.

அவளுடைய பாடசாலைப் படிப்பு முடிவடையவில்லை, இடையிலேயே விலகினாள். சில ஆண்டுகள் கழித்து, இருபதுகளின் தொடக்கத்தில், தாயின் வீட்டில் இருந்துகொண்டு அவர் எழுதியதே என் மேசைக்கு வந்த பாட்டு. ‘அற் செவன்ரீன்’, அதாவது பதினேழு வயதில், என்பது அதன் பெயர். 1975இல் வெளிவந்தது. சீமாட்டிகளின் விருந்துகளில் அறிமுகமாகும் செல்வ மகள் ஒருத்தி, வாழ்க்கையின் உண்மையைத் தான் பதினெட்டாம் வயதில் அறிந்துகொண்டதாகக் கூறிய பத்திரிகைக் கட்டுரையொன்றே அதற்கு வித்து. கிற்றாரில் அவர் மீட்டிக்கொண்டிருந்த தாளத்துக்குப் பதினெட்டு என்ற ஆங்கிலச் சொல் இசையவில்லை, ஆகவே பதினேழாயிற்று. யாப்பு அறிந்த நம் நேயர்களுக்கு, ஓர் அசைக்காக ஓராண்டு குறைந்துபோன இக்கதை வியப்பளிக்காது.

பாட்டின் பொருள் மிக எளியது. அழகு வாய்த்தவர்களுக்கே அன்பு உரியது என்பதைப் பதினேழு வயதில் ஒருத்தி அறிந்துகொள்கிறாள். முகத்திற் பருக்கள் இல்லாத பெண்கள் ஓர் உலகம். மற்றவர்கள் வேறோர் உலகம். கூடைப்பந்தாட்டத்துக்கு அணி பிரிக்கையில் ஒருவராலும் அழைக்கப்படாமல் நிற்பவள் உண்டு. பிறர் உடுத்துக் கழித்த ஆடையில் வருபவள் உண்டு. வீட்டிலே தனித்திருந்து, தன்னை யாரோ தொலைபேசியில் அழைப்பதாகக் கற்பனை செய்பவள் உண்டு. கூச்சலில்லை; எவரையும் ஏசவில்லை. பிறேசில் நாட்டு மெட்டையொத்த மெல்லிய அசைவில், ஒரு கிற்றாரை முன்வைத்து, இரகசியம் சொல்வதுபோலச் சொல்லப்படுகின்றது. அந்த மெட்டின் இனிமைதான் என்னை அதிகம் வருத்துவது. அழுகுரலில் பாடியிருந்தால் நாம் இரக்கப்பட்டு விலகியிருப்போம்.

முதலில் இதனை மேடையிற் பாட அவர் கூசினாராம். கேட்போர் நகைப்பர் என்று அஞ்சிக் கண்களை மூடிக்கொண்டே பாடியதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கண்ணைத் திறந்தபோது நகைத்தவர் இல்லை. தன் ஒருத்திக்கே உரிய வெட்கம் என்று அவர் எண்ணியிருந்தது, அரங்கிலிருந்த பெரும்பாலாரின் வெட்கமாக இருந்தது. அழகிகளாய் இருந்தோரும் அதனைத் தங்கள் பாட்டென்றே கொண்டனர். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது மூன்றாம் இடம்வரை உயர்ந்தது. 1976இல் அவருக்குக் கிராமி விருதையும் பெற்றுத் தந்தது. அந்நாட்டிலே காதலர் தினத்தில் மாணவர் ஒருவருக்கொருவர் வாழ்த்து அட்டை அனுப்புதல் வழக்கம். தனக்கு ஒன்றும் வந்ததில்லை என்ற குறிப்புப் பாட்டில் வருவதால், முன்பின் அறியாத நேயர்கள் நூற்றுக்கணக்கில் அவருக்கு அட்டைகளை அனுப்பிவைத்தார்கள்.

இங்கே ஓர் அதிபரின் நிலையிலிருந்து ஒன்று கூறவேண்டும். பாடசாலையில் நிகழ்வனவற்றை அறிய எம்மிடம் பதிவேடுகள் உண்டு. வரவு இடாப்பு உண்டு. புள்ளிப் பட்டியல் உண்டு. ஒழுக்காற்றுப் புத்தகமும் உண்டு. அணி பிரிக்கும்போது கடைசியாக நின்றவள் யார் என்பது இவற்றுள் ஒன்றிலும் பதியப்படுவதில்லை. அவள் நேரத்துக்கு வருகிறாள், பாடத்தில் தேறுகிறாள், தொல்லை தருவதில்லை. தொல்லை தராத பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்கு நாம் எழுதும் அறிக்கை ஒரு சொல்லில் முடிந்துவிடும்.

ஆசிரியர்களைச் சாடும் பாட்டு ஒன்றைப் பற்றியும் சொல்லாது விடலாகாது. இலண்டனின் பிங்க் ஃபுளொய்ட் குழுவினர் 1979இல் வெளியிட்ட, சுவரிலே மற்றுமொரு செங்கல் என்று பொருள்படும் பாட்டே அது. எழுதிய றொஜர் வோட்டர்ஸ் தாம் கேம்பிரிட்ஜ் நகரிற் படித்த பாடசாலையின் நினைவிலிருந்து எழுதினார். உடன் பாடிய பிள்ளைகளோ இஸ்லிங்ரன் கிறீன் பாடசாலையின் மாணவர். அவர்களை அழைத்துச் சென்றவர் அப்பாடசாலையின் இசையாசிரியர். தலைமையாசிரியைக்கு அது பிடிக்கவில்லை. படக்காட்சியில் மாணவர் தோன்றுவதற்கு அவர் இணங்கவில்லை. மாணவனாக முதலில் அதனைக் கேட்டபோது கைதட்டினேன். இன்று அந்தத் தலைமையாசிரியையின் பக்கமும் சிறிது மனம் சாய்கின்றது. வயது செய்யும் வேலை. ஆனால் 1980இல் தென்னாபிரிக்காவில், நிறவெறி அரசின் சமத்துவமற்ற கல்வியை எதிர்த்து வகுப்புக்களைப் பகிஷ்கரித்த மாணவர்கள் அதே பாட்டைத் தமதாக்கிப் பாடினர் என்பதையும், அரசு அதனைத் தடைசெய்தது என்பதையும் நினைக்கையில், என் முணுமுணுப்பு அடங்கிவிடுகின்றது.

இன்னுமொரு பாட்டைத் தயக்கத்துடனேயே குறிப்பிடுகிறேன். 1991 ஜனவரியில், டெக்சாஸ் மாநிலத்துப் பாடசாலையொன்றில், ஒரு மாணவன் வகுப்பறையிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டான். பத்திரிகையில் அது ஒரு சிறு பந்திச் செய்தி. அதனைப் படித்த எடி வெடர், தமது பேர்ள் ஜாம் குழுவுக்காக ‘ஜெரமி’ என்ற பாட்டை எழுதினார். பிள்ளை வீட்டில் வரைந்த சித்திரங்களையும், அவனை நிமிர்ந்து பாராத தந்தை தாயரையும் பாட்டுக் காட்டுகின்றது. அதிலே என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. கதையைச் சொல்பவன் ஒரு வகுப்புத் தோழன். அவனைத் தானும் சீண்டியதை ஒப்புக்கொண்டே பாடுகிறான். பாடசாலைகளிற் கூடும் விசாரணைக் குழுக்களின் முன் இவ்வளவு தெளிவாக வாக்குமூலம் கொடுத்த மாணவனை நான் கண்டதில்லை.

மீண்டும் அந்த விஞ்ஞானக் கொப்பிக்கு வருகிறேன். மறுநாள் அம்மாணவியை அழைத்தேன். முறைப்பாட்டின்படி கண்டிக்க வேண்டியது என் கடமை, கண்டித்தேன். பாட்டைப் பற்றி ஏதும் கேட்கலாமா, கேட்டால் அவளுடைய உள்ளத்தின் கதவை அனுமதியின்றித் திறந்ததாகுமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். கொப்பியை வாங்கியவள் கடைசிப் பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றனவா என்று முதலிற் பார்த்தாள். அவை அப்படியே இருந்தன.

“நீங்கள் வாசித்தீர்களா, சேர்?” என்றாள்.

“வாசித்தேன். மூன்றாம் பந்தியில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது,” என்றேன்.

அவள் சிறிது நேரம் நின்றாள். பின்பு கொப்பியை என் மேசைமேல் விரித்து வைத்து, பேனாவை எடுத்து, எந்த வரி என்று கேட்டாள்.