அரிதாரம் அழகுக்கு ஆகாது!

பங்குனி உத்சவம் பார்க்க எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்திருந்த அத்தைப்பாட்டி, என் பெண்ணின் மேலுதட்டுப் பூனைமுடியைப் பார்த்துவிட்டு, "இதுக்கா கவலைப்படறே? அரிதாரத்தைச் சுண்ணாம்போட குழைச்சுத் தடவு. முடி தானா கொட்டிடும்" என்றார். நானும் நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, சமையலறை அலமாரியில் கஸ்தூரி மஞ்சள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். இரண்டும் ஒரே மஞ்சள் நிறம்!

கல்லூரியில் ரசாயனம் சொல்லிக் கொடுக்கும் என் அண்ணா, அன்று மாலை அடையாறிலிருந்து வந்தார். பொட்டலத்தைப் பார்த்ததும் பதறிப் போனார். "அம்மாடி, இது பாஷாணம்!"

அவர் விளக்கியதைச் சகோதரிகளுக்கும் சொல்கிறேன்.

அரிதாரம், அதாவது தாளகம், ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கல். எடையில் 100க்கு 61 பங்கு ஆர்சனிக். அந்த நாளில் கூத்தாடுகிறவர்கள் முகத்தில் பூசினார்கள். அதனால்தான் இன்றும் மேக்கப்பை 'அரிதாரம்' என்கிறோம். கல்லாக இருக்கும்போது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. சுண்ணாம்பைச் சேர்த்தாலோ, கரையக்கூடிய ஆர்சனிக் உப்புகளாக மாறிவிடும்! முடிக்குப் பலம் தருவது அதிலுள்ள கந்தகப் பிணைப்பு. இந்தக் குழம்பு அதை அறுப்பதால் முடி கொட்டுகிறது. கூடவே தோலும் புண்ணாகி, விஷம் உள்ளே போக வழியாகிறது. மேலுதடாயிற்றே, நாக்கில் பட எத்தனை நேரம்?

குப்பையோடு எரிக்கவும் கூடாது. சூட்டில் அது வெள்ளைப் பாஷாணமாகிப் புகையும். வெள்ளைப் பாஷாணத்துக்கு ருசியே கிடையாது. ஒரு சிட்டிகைக்கும் குறைவாக, 100 முதல் 200 மில்லிகிராம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. காலரா மாதிரி வாந்தியும் பேதியும் வரும். குழந்தைகள் தவறி வாயில் போட்டுவிட்டால், கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

முடி நீக்கும் க்ரீம்கள் பலவற்றில் இருப்பது கால்சியம் தயோகிளைகோலேட். ஆர்சனிக் இல்லாமலே அதே வேலையைச் செய்யும். அதையும் முதலில் கையில் தடவிப் பார்க்க வேண்டும். நூல் போட்டு எடுப்பது இன்னும் சுலபம். முகத்தில் திடீரென்று முடி அடர்ந்தால் டாக்டரிடம் காட்டுவதே நல்லது.

அண்ணா பொட்டலத்தைப் பாட்டிலில் அடைத்துக் கல்லூரிக்கு எடுத்துப் போனார். அலமாரியைத் துடைத்து, கஸ்தூரி மஞ்சளையும் புதிதாக வாங்கினேன். பாட்டி சொன்னது அன்பால்தான். ஆனாலும், பெயரும் குணமும் தெரியாத எதையும் குழந்தை முகத்தில் தடவலாமா?