டிரம்பெட்டில் சுரம் தெளிவாக ஒலிக்க நாக்கைப் பழக்குவது எப்படி?

தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் சிலர், புறப்பாட நடவடிக்கையாகப் பேண்டு வாத்தியக் குழுவில் சேர்கின்றனர். டிரம்பெட், டிராம்போன் போன்ற பித்தளைக் கருவிகளில் சில வாரங்களிலேயே ஒலி வந்துவிடும். ஆனால், வேகமான அணிவகுப்புப் பாடலை வாசிக்கும்போது சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். "உனக்கு இது வராது" என்ற சொல்லைக் கேட்டு, கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடும் பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலும் குறை திறமையில் இல்லை. நாக்கு தொடும் இடத்திலும் காற்றை விடும் முறையிலும்தான் இருக்கிறது.

ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகத் தொடங்கி வைப்பது நாக்கு. நாகஸ்வரக் கலைஞர்கள் இதைத் 'துத்துக்காரம்' என்பர். பித்தளைக் கருவிகளுக்கும் 'து' என்ற ஒலியையே ஆசிரியர்கள் சொல்லித் தருகின்றனர். இங்கேதான் தமிழ்ப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். நம்முடைய 'து'வில் நாக்கு தட்டையாக விரிந்து மேற்பல்லைத் தொடுகிறது. கருவியில் அப்படிச் செய்தால் சுரம் மந்தமாகத் தொடங்கும். 'லா' என்று சொல்லிப் பார்த்தால், நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் ஈறைத் தொடுவது தெரியும். அந்த இடத்தை நுனியால் மட்டும் மெதுவாகத் தொட்டு, 'து' என்று விட வேண்டும். நாக்கு உதடுகளுக்கு இடையே வரவே கூடாது.

அடுத்தது காற்று. குழாய் நீரின் குறுக்கே விரலை ஆட்டினாலும் நீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதுபோல் நாக்கு அசைந்தாலும் வயிற்றிலிருந்து வரும் காற்று நிற்கக் கூடாது. சுரத்தை முடிக்க 'துத்' என்று நாக்கால் அடைத்தால் ஒலி வெட்டுப்பட்டுப் போகும். கண்ணாடி முன் நின்று ஊதினால், தாடை ஆடுகிறதா என்பதும் தெரிந்துவிடும். ஆடினால் நாக்கு அளவுக்கு மீறி அசைகிறது என்று பொருள்.

பயிற்சியை எளிய ஒரே சுரத்தில் தொடங்கலாம். மெட்ரோனோமை நிமிடத்திற்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு, பிறகு நான்கு முறை ஊத வேண்டும். எல்லாம் ஒரே அளவாக ஒலித்த பிறகே வேகத்தை 4 தட்டு கூட்ட வேண்டும். டிராம்போன் வாசிப்பவர்கள், சறுக்குக் குழாயை நகர்த்தும் அதே நொடியில் மென்மையான 'து' சேர்க்காவிட்டால் சுரங்கள் வழுக்கிக்கொண்டு போகும்.

ஒற்றை நாக்கு எட்டாத வேகத்திற்கு 'து-கு' என்ற இரட்டை முறை உள்ளது. மூன்று சுரங்களுக்கு 'து-து-கு'. பிரெஞ்சுக் கலைஞர் அர்பான் 1864இல் வெளியிட்ட கோர்னெட் பயிற்சி நூலில் உள்ள இம்முறைகள் இன்றும் கற்பிக்கப்படுகின்றன. 'கு' அடிநாக்கில் பிறப்பதால் பலவீனமாக ஒலிக்கும். ஆகவே, முதலில் 'கு-கு-கு' என்று தனியாக ஊதிப் பழக வேண்டும். 'தக தக' என்று ஜதி சொல்லிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் எளிதில் பிடிபடும்.

நாளுக்குப் பத்து நிமிடம் போதும். உதடு களைத்தால் நிறுத்திவிடலாம். கருவி பள்ளியில் இருந்தாலும், வீட்டில் வாயால் சொல்லியே பழகலாம். பிள்ளை அறையில் 'துகு துகு' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தால், பெற்றோர் அதை விளையாட்டு என்று எண்ணி நிறுத்திவிட வேண்டாம்.